புரொஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சையைத் தெரிவு செய்வது எப்படி, பிறகு மனம் நோகாமல் இருப்பது எப்படி

பயொப்சி (ஊசியால் சிறு துண்டுகள் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட் கையில் கிடைத்த அன்றைக்கே என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும் என்று பல குடும்பங்கள் பதறுகின்றன. ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பிதான் புரொஸ்டேட். அதில் வரும் புற்றுநோயில் பெரும்பாலும் அந்த அவசரம் இல்லை. சுரப்பிக்குள் அடங்கியிருக்கும் நோய்க்கு, விசாரித்து யோசித்து முடிவெடுக்கச் சில கிழமைகள் எடுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. சலம் முற்றாக அடைத்துக்கொண்டவர்களும், கால் திடீரென்று பலமிழந்தவர்களும் மட்டும் இதற்கு விலக்கு. அவர்கள் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு மனம் நொந்து பேசுகிறவர்களிடம் காரணம் கேட்டால், "வெட்டினதுதான் பிழை", "கரண்ட் பிடிச்சதுதான் பிழை" என்று சொல்கிறவர்கள் குறைவு (ஊரில் "கரண்ட்" என்பது கதிர் சிகிச்சை). "இப்பிடி வரும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல" என்பதுதான் அதிகம். மனக்குறை பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே, பேசாமல் விட்ட பேச்சில் தொடங்கிவிடுகிறது. ஆகவே திருகோணமலைப் பக்கத்து நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்குமான இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் சிகிச்சைக்கு முந்திய நாட்களைப் பற்றியது.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள்

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். கிளினிக் கொப்பி வேறு, இது வேறு. முதல் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: பி.எஸ்.ஏ. எண், கிளீசன் எண், நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்ற நிலை. இந்த மூன்றும் தெரியாமல் சிகிச்சை பற்றிப் பேசுவது இருட்டில் வலை வீசுவது போல.

பி.எஸ்.ஏ. என்பது புரொஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை. புற்றுநோய் இல்லாமலும் அது ஏறும். சலத்தில் கிருமி, சலம் போக ரியூப் போட்டிருப்பது, அண்மையில் எடுத்த பயொப்சி எல்லாம் எண்ணைத் தூக்கிவிடும். இரத்தம் எடுப்பதற்கு முந்திய இரண்டு நாட்கள் உடலுறவும் நீண்ட தூரச் சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். பயொப்சி எடுத்தவர் குறைந்தது ஆறு கிழமை கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். எண்ணைக் குறைத்துக் காட்டும் குளிசைகளும் உண்டு. சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கும் பினஸ்டரைட், டுட்டஸ்டரைட் இரண்டும் ஆறு மாதம் தொடர்ந்து குடித்தால் பி.எஸ்.ஏ.யை ஏறக்குறையப் பாதியாக்கும். அப்படியானால் ரிப்போர்ட்டில் 4 என்றால் உண்மையில் 8 என்று எடுக்க வேண்டும். சலம் இலகுவாகப் போகக் கொடுக்கும் டம்சுலோசின் இப்படிச் செய்யாது. என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்று பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "சலத்துக்கு ஒரு குளிசை" என்று வாயால் சொன்னால் வைத்தியருக்கு விளங்காது. முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்திலேயே பாருங்கள். இரண்டு இடத்து எண்களை ஒப்பிட்டுப் பயப்படுவது வீண்.

கிளீசன் என்பது பயொப்சித் துண்டுகளில் கலங்கள் எவ்வளவு மூர்க்கமாகத் தெரிகின்றன என்பதற்கான புள்ளி. 3+3=6 மிக மெதுவானது, 10 மிக மூர்க்கமானது. 3+4 என்பதும் 4+3 என்பதும் கூட்டினால் 7தான். ஆனால் முதலில் நிற்கும் எண் எந்த வகைக் கலம் அதிகம் என்பதைச் சொல்கிறது. 4+3 கூடுதல் கவனம் வேண்டியது. ஆகவே "கிளீசன் 7" என்று மட்டும் எழுதாதீர்கள், கூட்டல் கணக்கோடு எழுதுங்கள். எத்தனை துண்டு எடுத்தார்கள், அதில் எத்தனையில் நோய் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு துண்டு எடுப்பார்கள்.

பி.எஸ்.ஏ. 10க்குக் கீழ், கிளீசன் 6, நோய் சுரப்பியின் ஒரு பக்கத்தில் சிறிதாக மட்டும் என்றால் அபாயம் குறைவு. பி.எஸ்.ஏ. 20க்கு மேல், அல்லது கிளீசன் 8 அல்லது அதற்கு மேல், அல்லது நோய் சுரப்பியைத் தாண்டியிருக்கிறது என்றால் அபாயம் அதிகம். இடையில் வருபவை நடுத்தரம். அதிக அபாயம் உள்ளவர்களுக்கு எலும்பு ஸ்கேனும் சி.ரி. ஸ்கேனும் எடுப்பார்கள். அது முடியாமல் "வெட்டுவமா, கதிர் பிடிப்பமா" என்ற பேச்சே வரக்கூடாது.

ஊசி குத்தி எடுத்தால் நோய் பரவும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதை நம்பிப் பயொப்சியைத் தள்ளிப் போட்டவர்கள்தான் நோய் எலும்புக்கு ஏறிய பிறகு வந்து சேருகிறார்கள். பயொப்சியில் உண்மையாகப் பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. எடுத்த ஓரிரு நாளில் குளிர்ந்து நடுங்கினால் பனடோல் குடித்துவிட்டு வீட்டில் படுக்காதீர்கள், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சலத்தில் சில நாட்கள் இரத்தம் தெரிவதும், விந்தில் சில கிழமைகள் பழுப்பு நிறம் தெரிவதும் வழமையானவை. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிக்கிறவர்கள் பயொப்சிக்கு முன்பே சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தவும் கூடாது.

இன்றைய நிலையை எழுதி வையுங்கள்

இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. இதன் அருமை ஒரு வருடத்துக்குப் பிறகுதான் தெரியும். கொப்பியின் இரண்டாம் பக்கத்தில், சிகிச்சை தொடங்க முன், நோயாளி தானே எழுத வேண்டியவை: இரவில் சலத்துக்கு எத்தனை தரம் எழும்புகிறேன். இருமினால், தும்மினால் சொட்டுகிறதா. சலம் அவசரமாக வந்தால் எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது. மலம் ஒரு நாளைக்கு எத்தனை தரம், அதில் இரத்தம் உண்டா. விறைப்பு வருகிறதா, உறவுக்குப் போதுமா, கடைசியாக எப்போது.

கடைசிக் கேள்வியை எழுத வெட்கமாக இருந்தால் ஒரு புள்ளடியாவது போடுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு விறைப்பு வரவில்லை என்று மனம் நொந்திருக்கும் ஒருவருக்கு, ஏற்கெனவே சீனி வருத்தத்தால் அது இரண்டு வருடமாகக் குறைந்திருந்தது என்பது மறந்துபோகும். மறுபக்கம், நன்றாக இருந்தது குறைந்துபோயிருந்தால், அதற்கு வைத்தியம் கேட்க இந்தப் பக்கமே சாட்சி. முன்னைய நிலை தெரியாமல் பின்னைய நிலையை அளக்க முடியாது.

அதற்கடுத்த பக்கத்தில், எதை இழக்க முடியும், எதை இழக்க முடியாது என்று எழுதுங்கள். இதற்குச் சரியான விடை கிடையாது. கிண்ணியாவில் ஐந்து நேரமும் பள்ளிக்குப் போகிற ஒருவருக்குச் சலம் சொட்டுவது வுழுவோடு (தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாவது) சேர்ந்த பெரிய பாடு. கோணேசர் கோயிலுக்குத் தினமும் படியேறுகிறவருக்கும் அப்படித்தான். கடலுக்குப் போகிறவருக்கு இரண்டு மாதம் வலை இழுக்க முடியாமல் இருப்பது வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்டது. ஐம்பத்தைந்து வயதில் மனைவியோடு நெருக்கமாக வாழ்கிறவருக்கு முக்கியமானது வேறு. வைத்தியருக்கு உங்கள் நோய் தெரியும். இந்தப் பக்கத்தில் இருப்பது நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

வழிகள்

குறைந்த அபாயம் உள்ளவருக்கு முதலில் யோசிக்க வேண்டியது, ஒன்றும் செய்யாமல் கவனமாகப் பார்த்திருப்பது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பி.எஸ்.ஏ., இடைக்கிடை எம்.ஆர்.ஐ., வேண்டிய நேரத்தில் மறுபடி பயொப்சி. நோய் முன்னேறினால் சிகிச்சை. இதைக் கைவிட்டதாக நினைக்கிறவர்கள் பலர். இங்கிலாந்தில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 1643 பேரைப் பார்த்திருத்தல், சத்திரசிகிச்சை, கதிர் சிகிச்சை என்று மூன்று பிரிவாக்கி 15 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2023இல் வந்தது. எந்தப் பிரிவிலும் 100க்கு ஏறக்குறைய 97 பேர் இந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை. நோய் வேறிடத்துக்குப் பரவியது மட்டும் பார்த்திருந்தவர்களில் 100க்கு 9 பேருக்கு, மற்றவர்களில் ஏறக்குறைய 5 பேருக்கு. பார்த்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிறகு சிகிச்சை எடுத்தார்கள். இது இரத்தப் பரிசோதனையில் ஆரம்பத்திலேயே பிடிபட்டவர்களின் கணக்கு. சலம் அடைத்து, இடுப்பு நோவோடு வருகிறவருக்கு இது பொருந்தாது.

பார்த்திருப்பது ஒரு கடமை. கிளினிக் திகதியைத் தவறவிடுகிறவருக்கு, நோயை நினைத்து இரவில் நித்திரை வராதவருக்கு, இது சரிவராது. அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

சத்திரசிகிச்சையில் சுரப்பியை முழுதாக எடுப்பார்கள். ஒன்று முதல் இரண்டு கிழமை வரை ரியூப் இருக்கும். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர் வாளி, காஸ் சிலிண்டர், வள்ளத்தின் எஞ்சின் எல்லாம் இதில் அடங்கும். மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வில் சத்திரசிகிச்சை செய்தவர்களில் ஆறு மாதத்தில் 46 வீதமானோரும் ஆறு வருடத்தில் 17 வீதமானோரும் சலத்துக்குப் பாட் (சொட்டும் சலத்தை உறிஞ்ச உள்ளாடைக்குள் வைப்பது) பாவித்தார்கள். கதிர் எடுத்தவர்களில் ஆறு வருடத்தில் அது 4 வீதம். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியை ஒட்டியே ஓடுவதால் அவை பாதிக்கப்படும். காப்பாற்ற முடிந்தாலும் மீள ஒன்றரை, இரண்டு வருடம் ஆகலாம். விந்து இனி வராது, உச்சம் மட்டும் வரும். இதை முன்பே சொல்லாவிட்டால் முதல் தரம் பயந்துபோவார்கள். சத்திரசிகிச்சையின் நல்ல பக்கம்: எடுத்த சுரப்பியைப் பரிசோதித்து நோயின் உண்மையான அளவை அறியலாம், பி.எஸ்.ஏ. ஏறக்குறையப் பூச்சியமாகிவிடும், திரும்ப வந்தால் கதிர் சிகிச்சை இன்னும் கையிருப்பில் இருக்கும். கதிர் எடுத்த பிறகு சுரப்பியை வெட்டி எடுப்பது மிகக் கடினம்.

ரியூப் எடுத்த பிறகு செய்ய வேண்டிய இடுப்புத்தளப் பயிற்சியைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே பழகுங்கள். சபையில் இருக்கும்போது காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி உள்ளே தூக்குங்கள். வயிறும் தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் அது மெத்தென்று இருக்க வேண்டும். பத்து விநாடி பிடித்து, பத்து விநாடி விட்டு, பத்துத் தரம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் கிழமையில் மூன்று விநாடிதான் பிடிக்க முடிந்தால் அதுவும் சரி. ரியூப் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டாம். பலர் பிழைவிடுவது, வயிற்றைத் தள்ளி முக்குவதில். அது சொட்டலைக் கூட்டும்.

ரியூப்போடு வீடு வரும்போது, சலம் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் உடம்புக்குள் இருக்கும் சலப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பஸ்ஸில் அதை மடியில் வைத்தால் சலம் திரும்பி ஓடிக் கிருமி ஏறும். முழங்காலுக்குக் கீழே கட்டி, சாரத்தால் மூடிக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் ஊற்றுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றும் வராமல் அடிவயிறு வீங்கினால் குழாய் அடைத்திருக்கிறது, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டில் இழுத்துப் பார்க்காதீர்கள்.

கதிர் சிகிச்சைக்குத் திருகோணமலையிலிருந்து வெளியூர் போக வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலை, தெல்லிப்பழை, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை ஆகியவற்றில் வசதி உண்டு. மூதூர், சம்பூர், வெருகல் பக்கத்தவர்களுக்கு மட்டக்களப்பு வழியிலேயே இருக்கிறது. குச்சவெளி, நிலாவெளிக்காரர் இன்னும் கூடத் தூரம் ஓட வேண்டும். கிழமையில் ஐந்து நாள், சனி ஞாயிறு ஓய்வு. 20 தரம் என்றால் நான்கு கிழமை. பழைய முறையில் 37, 38 தரம் என்றால் ஏழெட்டுக் கிழமை. "எத்தனை தரம்?" என்பதை முதல் நாளே கேளுங்கள். தங்குமிடத்துக்கும் தோட்டத்துக்கும் தொழிலுக்கும் அந்தக் கணக்கில்தான் ஏற்பாடு செய்ய முடியும். மாரியில் கிழக்கு வீதிகளில் வெள்ளம் ஏறும். அந்த மாதங்களில் தினமும் போய்வர நினைக்காதீர்கள், உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குங்கள். இடையில் நாள் விடுபடுவது சிகிச்சைக்கு நல்லதல்ல.

ஒவ்வொரு தரமும் சலப்பை நிறைந்தும் மலக்குடல் வெறுமையாகவும் இருக்க வேண்டும். நிறைந்த சலப்பை குடலைக் கதிரின் பாதையிலிருந்து தள்ளிவிடும். மலமும் காற்றும் நிறைந்த குடல் சுரப்பியை இடம் மாற்றிவிடும். எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடத்துக்கு முன் என்பதை அங்கே சொல்வார்கள். அதே அளவை ஒவ்வொரு நாளும் மாற்றாமல் குடியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையில் நீர் போய்விடும், ஆகவே முதல்நாளே போதிய தண்ணீர் குடித்திருக்க வேண்டும். பருப்பு, கடலை, பலாக்கொட்டை போன்ற வாய்வுச் சாப்பாட்டைச் சிகிச்சை நடக்கும் கிழமைகளில் குறையுங்கள். மூன்றாம் கிழமையளவில் சலம் அடிக்கடி வரும், எரியும், மலம் அவசரமாக வரும். முடிந்து சில கிழமையில் தணியும். சில மாதங்கள், சில வருடங்கள் கழித்து மலத்தோடு இரத்தம் வந்தால், மூலம் என்று தீர்மானிக்காமல், முன்பு கதிர் எடுத்ததைச் சொல்லிக் காட்டுங்கள். நடுத்தர அபாயத்துக்கு இதோடு நாலு முதல் ஆறு மாதம், அதிக அபாயத்துக்கு ஒன்றரை முதல் மூன்று வருடம் ஹோர்மோன் ஊசியும் சேரும். இதை "கரண்ட் மட்டும்தான்" என்று நினைத்துப் போகிறவர்கள் பிறகு ஏமாந்துபோகிறார்கள்.

ஹோர்மோன் சிகிச்சையின் வேலை ஆண் ஹோர்மோனை நிறுத்துவது. நோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இதுவே அடிப்படை. இரண்டு வழி உண்டு. ஒன்று வயிற்றுத் தோலுக்குக் கீழே போடும் ஊசி. கொசெரலின் என்றால் 3.6 மில்லிகிராம் 28 நாளைக்கு ஒன்று, 10.8 மில்லிகிராம் 12 கிழமைக்கு ஒன்று. மற்றது விதைகளை எடுக்கும் சிறிய சத்திரசிகிச்சை. நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஒன்றுதான். விதை எடுத்தால் மருந்துத் தட்டுப்பாடு, பஸ் செலவு, திகதி தவறுதல் எதுவும் இல்லை. ஆனால் திரும்பி வர முடியாது, சிலருக்கு மனத்தில் பெரிய வெட்டாக விழும். காசை மட்டும் பார்த்துப் பிள்ளைகள் முடிவெடுக்கக் கூடாத இடம் இது. அவரைத் தனியாக இருத்திக் கேளுங்கள். ஊசியில் முதல் கிழமைகளில் ஹோர்மோன் ஒரு தரம் ஏறிப் பிறகே இறங்கும். எலும்பில் நோய் உள்ளவருக்கு அந்த ஏற்றம் ஆபத்து. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே, அந்த ஏற்றத்தின் பாதிப்பைத் தடுக்கும் பைகலுடமைட் போன்ற குளிசை தொடங்கினார்களா என்று கேளுங்கள்.

பரவிய நோய்க்கு ஊசி மட்டும் போதும் என்ற காலம் போய்விட்டது. ஆண் ஹோர்மோனை இன்னும் அடக்கும் அபிரடெரோன் குளிசை அல்லது டொசிடக்சல் மருந்தேற்றல் (கீமோ) சேர்ந்தால் ஆயுள் நீளும். "இது எனக்குப் பொருந்துமா?" என்று கேட்க வேண்டும். அபிரடெரோன் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம், அதாவது 250 மில்லிகிராம் என்றால் நாலு குளிசை. வெறும் வயிற்றில்: சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல். சோற்றோடு குடித்தால் மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் ஏறும். நோன்பு காலத்தில் இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் படுக்கும் முன் எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். கூடத் தரும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையைத் திடீரென நிறுத்தக் கூடாது. பிரஷர், பொட்டாசியம், ஈரல் பரிசோதனை தவறக் கூடாது. கசாயம், சூரணம் எடுக்கிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும், ஈரல் இரண்டையும் ஒன்றாகத் தாங்காமல் போகலாம்.

ஹோர்மோன் நின்றால் உடம்பில் திடீர்த் திடீரென்று வெக்கை ஏறும், ஆசை குறையும், எடை ஏறும், எலும்பு மெலியும், சீனி ஏறும், மனம் சோரும். கோபம், அழுகை வந்தால் அது மருந்தின் வேலையும்தான் என்பதை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு நாளுக்கு அரை மணித்தியாலம், கிழமையில் ஐந்து நாள் வேக நடை இவை எல்லாவற்றுக்கும் உதவும்.

"அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம்"

கிளினிக் கதவுக்கு வெளியே பிள்ளைகள் வைத்தியரிடம் முதலில் சொல்வது இதுதான். அன்பில் சொல்வதுதான். ஆனால் வருத்தத்தின் பெயர் தெரியாதவர் எதைத் தெரிவு செய்ய முடியும்? சத்திரசிகிச்சைக்குச் "சலம் அடைப்பு எடுக்கிறம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினால், பிறகு அவருக்குச் சொட்டல் வரும்போது முழுக் குடும்பத்தின் மீதும் நம்பிக்கை போய்விடும். பெரும்பாலான தகப்பன்மாருக்கு வார்ட்டிலேயே பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிவிடுகிறார்.

செய்ய வேண்டியது இது. வீட்டில், சாப்பிட்ட பிறகு, ஆட்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள்: "அப்பா, ரிப்போர்ட் வந்திருக்கு. எல்லாத்தையும் நேரா கேக்க விருப்பமா, இல்ல முக்கியமானதை மட்டும் சொல்லட்டா?" அவர் விரும்பிய அளவுக்குச் சொல்லுங்கள். "நீங்களே பாத்துச் செய்யுங்க மகன்" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, அப்படிச் சொன்னாலும் சொட்டல், விறைப்பு, பயணம் இந்த மூன்றையும் ஒரு தரம் காதில் போட்டுவிடுங்கள்.

வைத்தியரோடு பேசும் மொழி இன்னொரு வில்லங்கம். நிபுணர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசினால் மகளோ பேரனோ மொழிபெயர்க்கிறார்கள். விறைப்பு, விதை, உறவு என்று வரும் இடங்களில் மகள் வெட்கத்தில் அதை விட்டுவிடுகிறாள், தகப்பனும் கேட்பதில்லை. ஆகவே அந்தக் கேள்விகளுக்கு ஒரு ஆண் உறவினரையோ நண்பரையோ கூட்டிப் போங்கள், அல்லது தமிழ் தெரிந்த தாதியை உதவிக்குக் கேளுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். இல்லையென்றால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்து வையுங்கள்.

கிளினிக்கில் கிடைக்கும் அந்தச் சில நிமிடம்

காலையில் நம்பர் எடுத்து மூன்று மணித்தியாலம் இருந்து, உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும். கொண்டு போக வேண்டியவை: கிளினிக் கொப்பி, பயொப்சி ரிப்போர்ட்டின் போட்டோக் கொப்பி இரண்டு, ஸ்கேன் படமும் சீடியும், பி.எஸ்.ஏ. எண்களைத் திகதியோடு ஒரே தாளில், குடிக்கும் எல்லாக் குளிசைகளும், உங்கள் சொந்தக் கொப்பி. கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். முக்கியமானதை முதலில் கேளுங்கள்:

"டொக்டர், என்ட வயசுக்கும் மற்ற வருத்தங்களுக்கும், இப்ப ஒண்டும் செய்யாம பாத்துக்கொண்டு இருந்தா பத்து வருசத்தில என்ன நடக்கும்?"

"எனக்கு எந்தெந்த வழி இருக்கு? இங்க இல்லாத வழி வேற எங்கயாவது இருக்கா?"

"நீங்க செய்த ஆக்களில ஒரு வருசத்துக்குப் பிறகு எத்தனை பேர் பாட் பாவிக்கிறாங்க?"

மூன்றாவதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். இந்தச் சத்திரசிகிச்சையை அடிக்கடி செய்கிறவர் அதற்குக் கோபிக்க மாட்டார். விடை கேட்டதும், "அப்ப நான் விளங்கினது இதுதான்" என்று உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே திருத்துவார். அதே இடத்தில் முடிவு சொல்ல வேண்டாம்: "அடுத்த கிளினிக்கில சொல்லட்டா, சுணங்கினா ஏதும் பிழை வருமா?"

சத்திரசிகிச்சை நிபுணர் வெட்டுவதையும் புற்றுநோய் நிபுணர் கதிரையும் கூடுதலாகச் சொல்வது இயல்பு, அவரவர் கைக்குப் பழகியது அது. இரண்டு பேரையும் பார்த்த பிறகே முடிவெடுங்கள். கிளினிக்கில் நேரம் போதாவிட்டால், பேசுவதற்கு மட்டும் ஒரு தரம் சனல் பண்ணி (தனியாரிடம் காசு கட்டி நேரம் எடுத்து) வைத்தியரைப் பார்க்கலாம், சிகிச்சையை அரச வைத்தியசாலையிலேயே இலவசமாகத் தொடரலாம். மருந்தை வெளியில் வாங்கச் சொன்னால் வாங்க ஓடும் முன் கேளுங்கள்: வைத்தியசாலை ஊடாகக் கொள்வனவு செய்ய முடியுமா, வேறு அரச வைத்தியசாலையில் இருக்கிறதா. பெரிய செலவு என்றால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு

கொப்பியில் பி.எஸ்.ஏ.க்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சத்திரசிகிச்சை செய்தவருக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் அளக்க முடியாத அளவுக்கு இறங்க வேண்டும், பிறகு 0.2க்கு ஏறி, மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் நோய் திரும்புகிறது என்று எடுப்பார்கள். கதிர் எடுத்தவருக்கு மெதுவாகத்தான் இறங்கும், ஒன்றரை இரண்டு வருடம் ஆகலாம். இடையில் சிறிது ஏறி இறங்குவதும் உண்டு. அவருக்குக் கணக்கு வேறு: மிகக் குறைந்த எண்ணிலிருந்து 2 கூடினால்தான் கவலை. சத்திரசிகிச்சைக்காரரின் எண்ணோடு கதிர் எடுத்தவரின் எண்ணை ஒப்பிட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் ஆட்கள் உண்டு.

எலும்பில் நோய் உள்ளவருக்கு முதுகு நோவு திடீரென்று கூடி, கால் தள்ளாடி, மரத்து, சலமோ மலமோ கட்டுப்பாடு இழந்தால் முள்ளந்தண்டு நசிகிறது. நோவெண்ணெய் பூசிக்கொண்டு விடியும் வரை பார்க்க நேரமில்லை. 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். சில மணித்தியாலத் தாமதத்தில் நடை போய்விடலாம். டொசிடக்சல் ஏற்றிய நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் அதே வேகம் வேண்டும்.

மூன்று மாதத்தில் ஒரு தரம், பன்னிரண்டு மாதத்தில் ஒரு தரம், இரண்டாம் பக்கத்துக் கேள்விகளை மறுபடி எழுதி முன்னையதோடு வைத்துப் பாருங்கள். கூடவே ஒரு கேள்வி: இதே முடிவை மறுபடி எடுப்பேனா? இல்லை என்று வந்தால் ஏன் என்று ஒரு வரி. அந்த வரியில் இருப்பது பெரும்பாலும் சரிப்படுத்தக் கூடியதாகவே இருக்கும். ஒரு வருடம் பயிற்சி செய்தும் சொட்டல் நிற்காவிட்டால் அதற்கென்று சத்திரசிகிச்சைகள் உண்டு. விறைப்புக்குச் சில்டெனபில் குளிசை உண்டு. ஆனால் நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை பாவிப்பவர் அதைத் தொடவே கூடாது, பிரஷர் உயிராபத்தாக இறங்கும். கதிரால் வரும் குடல் இரத்தப்போக்குக்கும் வைத்தியம் உண்டு.

இவை எதுவும் தானாக நடக்காது. கிளினிக்கில் "எப்பிடி இருக்கு ஐயா?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு எழும்பி வருகிறோம். வைத்தியர் கொப்பியில் நலம் என்று எழுதி அடுத்த திகதி போடுகிறார். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: "டொக்டர், ஒரு நாளைக்கு மூண்டு பாட் மாத்துறன். சிகிச்சைக்கு முதல் ஒண்டும் இல்ல. இதுக்கு என்ன செய்யலாம்?"